லடாக் பைக் டிரிப்: 9 நாள் லீவில் விட்டுப்போகும் அந்த 2 நாள்

சனிக்கிழமை அதிகாலை சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, மதியத்துக்குள் லே. ஞாயிறு காலை வாடகை பைக்கில் கர்துங் லா. திங்கள் நூப்ரா. செவ்வாய் பாங்காங் ஏரி. அடுத்த ஞாயிறு வீடு, திங்கட்கிழமை ஆபீஸ். சீசன் தொடங்கியதும் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் லடாக் பிளான்களில் பல இப்படித்தான் இருக்கின்றன. அதில் பட்ஜெட் இருக்கும், ரைடிங் ஜாக்கெட் இருக்கும், ஹெல்மெட்டில் மாட்டும் கேமராகூட இருக்கும். உடம்பு அந்த உயரத்துக்குப் பழகுவதற்கான நாள் மட்டும் இருக்காது.

அந்த நாளைத்தான் பிளானில் முதலில் எழுத வேண்டும். லடாக்கில் பைக் ஓட்டுபவருக்கு ஜல்லி ரோடும் குளிரும் சவால்தான். ஆனால் அவற்றைவிடப் பெரிய ஆபத்து அவசரம்.

உயரம் உடம்பை என்ன செய்கிறது?

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்குப் பழக்கமான ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதாவது, லே-யில் ஹோட்டல் ரூமில் சும்மா படுத்திருந்தாலே ஆனைமுடி உச்சியைவிட 800 மீட்டர் மேலே இருக்கிறீர்கள்.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது. கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் லே-யில் கிடைக்கும். 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கர்துங் லாவில் சுமார் பாதிதான்.

மூச்சின் வேகத்தைக் கூட்டி, ரத்தத்தின் அமிலச் சமநிலையை மாற்றி உடம்பு இதைச் சமாளிக்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் இன்னும் மேலே ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அடித்துப்போட்டது போன்ற அசதி வரும். இதுதான் மலை உயர நோய். இந்தக் கட்டத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொருட்படுத்தாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது ஆக்சிஜனும் டாக்டரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கீழே இறங்க வேண்டும்.

"நான் தினமும் ஜிம் போறேன், எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே செல்லாது. உடல் வலு இருப்பவர்களையும் இது தாக்கும். போன முறை ஒன்றும் ஆகாதவருக்கு இந்த முறை ஆகலாம். ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை.

பைக்கில் போனால் ஏன் கூடுதல் கவனம்?

காரில் பின் சீட்டில் தலைசுற்றினால் சாய்ந்து கொள்ளலாம். பைக்கில் தலைசுற்றுபவர்தான் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, எதிரே ராணுவ லாரி வரிசை, கீழே சறுக்கும் சரளைக்கல். ஒரு நொடி தாமதமாக பிரேக் பிடித்தாலும் போதும்.

இன்னொன்று, ரோட்டைக் குறுக்கே வெட்டி ஓடும் நீரோடைகள். அங்கே இவற்றை நாலா என்கிறார்கள். காலையில் கணுக்காலளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறி பனி உருக உருக, பிற்பகலில் முழங்கால் வரை வரும். அதனால்தான் அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் கடந்துவிடச் சொல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு நாள் தூரத்தை ஓட்டுபவர், தண்ணீர் அதிகமான நேரத்தில், களைத்துப்போய் அங்கே வந்து நிற்பார்.

எந்த வழியாக ஏறுவது?

சாலை வழியாக லே-க்கு முக்கியமாக இரண்டு பாதைகள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் ஜோஜி லா 3,528 மீட்டர். இரவு தங்கும் கார்கில் சுமார் 2,700 மீட்டர்தான். மறுநாள் ஃபோட்டு லா 4,108 மீட்டர், பிறகு இறங்கி லே. உயரம் படிப்படியாகக் கூடுகிறது.

மணாலி வழி அப்படி இல்லை. 2,050 மீட்டரில் கிளம்பினால், பலரும் கூடாரம் போடும் சர்ச்சு சுமார் 4,300 மீட்டர். அதைத் தாண்டினால் லாச்சுலுங் லா, டாங்லாங் லா என்று 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோஹ்தாங் கணவாயில் மணிக்கணக்கில் ஊர்ந்த பயணம் சில நிமிடங்களாகிவிட்டது. அது பெரிய வசதி. ஆனால் முதல் நாளே சர்ச்சு வரை ஓட்டிவிடலாம் என்ற ஆசையையும் அதுதான் கிளப்புகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மருத்துவப் பரிந்துரை. சர்ச்சுவில் முதல் இரவு என்றால் அந்தக் கணக்கு ஒரேயடியாக உடைகிறது.

சொந்த பைக்கும் இரண்டு வார லீவும் இருந்தால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே நல்லது. திரும்பும்போது உடம்பு பழகியிருக்கும்.

9 நாள்தான் லீவு என்றால்?

ஐந்து நாள் லீவு போட்டு, இரண்டு வார இறுதிகளைச் சேர்த்தால் 9 நாள். பெரும்பாலான ஆபீஸ்களில் அதற்கே மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால் நாட்களைக் கூட்டச் சொல்வதில் பயனில்லை. இடங்களைத்தான் குறைக்க வேண்டும்.

விமானத்தில் லே போய், முதல் இரண்டு நாள் பைக்கைத் தொடாமல் ஊருக்குள் மெதுவாக நடங்கள். தண்ணீர் குடியுங்கள், மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிருங்கள். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பைக்கை லே-யிலேயே வாடகைக்கு எடுங்கள். வெளியூரில் எடுத்த வாடகை பைக்கை நூப்ரா, பாங்காங் பக்கம் ஓட்ட உள்ளூர் சங்கங்கள் விடுவதில்லை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம்மும் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

மூன்றாம் நாள் கர்துங் லாவைக் கடந்து நூப்ரா போகலாம். அந்தப் பள்ளத்தாக்கு லே-யைவிடத் தாழ்வு என்பதால் இரவில் தூக்கம் வரும். பாங்காங்கைக் கடைசியில் வையுங்கள். 2009-ல் '3 இடியட்ஸ்' பார்த்தவர்கள் எல்லோரும் போக ஆசைப்படும் அந்த 134 கிலோமீட்டர் நீள உப்பு ஏரி, 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏரிக்கரையில் ஓர் இரவு தங்குவது லே-யில் தங்குவது போல அல்ல. கடைசி ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். மண்சரிவு வந்தால் அந்த நாள் உதவும்.

இந்தக் கணக்கில் உம்லிங் லா வராது. வராவிட்டால் என்ன? கர்துங் லாவில் 18,380 அடி என்று எழுதிய பலகை முன்னால் தலைமுறை தலைமுறையாக போட்டோ எடுத்தார்கள். பிறகு அளந்தால் 17,582 அடிதான். 2021-ல் 19,024 அடி என்று கின்னஸில் ஏறியது உம்லிங் லா சாலை. பலகையைத் துரத்தினால் அதற்கு முடிவே கிடையாது.

குரூப்பில் யார் சொல்வது?

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். ஆறு பேர் போகும்போது ஒருவருக்குத் தலை வலிக்கும். "மச்சி, மாத்திரை போட்டுக்கோ, மேலே போனா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். மேலே போனால் சரியாகாது. "நம்மால மத்தவங்க டிரிப் கெடக் கூடாது" என்று வலிப்பவரும் வாயை மூடிக்கொள்வார். எல்லோரும் மரியாதைக்காகச் சும்மா இருக்கும் இந்த இடத்தில்தான் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

எனவே கிளம்பும் முன்பே குரூப்பில் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: யாராவது "முடியல" என்றால் அன்றைக்கு ஏற்றம் இல்லை, கேள்வியும் கிடையாது, கிண்டலும் கிடையாது. இறங்க வேண்டியிருந்தால் கூட ஒருவர் இறங்குவார்.

அடுத்த சீசனுக்கான பிளான் ஏற்கெனவே குரூப்பில் இருந்தால், லே-யில் இறங்கும் நாளுக்கும் முதல் கணவாய்க்கும் நடுவே இரண்டு இரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் போடும் முன்பே ஓர் இடத்தை அடித்துவிடுங்கள்.