புது விளையாட்டில் சரக்கு எவ்வளவு?

புதிதாக ஒரு விளையாட்டு வருகிறது. "100 மணி நேரம் ஆடலாம்" என்கிறது விளம்பரம். "ஆயிரம் வேலைகள், நூறு ஊர்கள், முடிவே இல்லாத உலகம்" என்று முரசு கொட்டுகிறது. நமது வாலிபர்கள் அதை நம்பிச் செல்போனில் இறக்கிக் கொள்கிறார்கள். பத்து நாள் கழித்து, "விளையாட்டு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் இல்லை. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறான்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? சரக்கை அளக்கத் தெரியாததால்தான். பாலை முழம் போட்டு அளக்கிறோம். பிறகு, ஏமாந்து விட்டோம் என்று வருந்துகிறோம்.

இங்கே பேசப்படுவது ஆன்லைன் வேட விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு வேடம் எடுத்துக் கொள்கிறார். வீரன், வைத்தியன், மந்திரவாதி என்று எதுவாகவும் இருக்கலாம். எங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்களோடு கூட்டுச் சேர்கிறார். அரக்கர்களை அடிக்கிறார், பொருள் சேர்க்கிறார், ஒவ்வொரு நிலையாக உயர்கிறார்.

இது பணம் கட்டி ஆடும் சூதாட்டம் அல்ல. அந்த வகை ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேட விளையாட்டு அதில் சேராது. ஆனால் இதிலும் ஒரு முதலீடு உண்டு. அதுதான் நேரம்.

மீஞ்சூரில் ஒரு மணி நேரத்தின் விலை

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் காலையில் நின்று பாருங்கள். ஒரு கூட்டம் சென்னைக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிறது. சிலர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கும், சிலர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கும் போகிறார்கள். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று வாரத்துக்கு ஒரு விதம். வேலை போக, பயணம் போக, சாப்பாடும் தூக்கமும் போக, ஒரு வாலிபனுக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஒரு மணி நேரம். அதிகம் போனால் ஒன்றரை.

அந்த ஒரு மணி நேரம் அவனுடைய சொந்தச் சொத்து. அதில் அவன் விளையாடுவது தவறு இல்லை. உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் அந்தச் சொத்தை யாரிடம் கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? 20 ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால்கூடப் புரட்டிப் பார்க்கிறோமே!

கடலும் குடிநீரும்

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நமது மீஞ்சூர் பக்கத்தில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. அந்தப் 10 கோடி லிட்டருக்காக, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான கடல்நீரை உள்ளே இழுக்க வேண்டும். மீதி, உப்பு நீராகக் கடலுக்கே திரும்புகிறது.

விளையாட்டும் அப்படித்தான். கம்பெனி காட்டுவது கடலை. நமக்கு வேண்டியது குடிநீர். "எத்தனை மணி நேரம் ஆடலாம்?" என்பது கடலை அளக்கும் கேள்வி. "அத்தனை மணி நேரத்தில் புதிதாக எத்தனை மணி நேரம்?" என்பதுதான் குடிநீரை அளக்கும் கேள்வி.

எண்ணைக் கண்டு மயங்காதீர்

2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டு வந்தது. பிரிட்டனில் ஒரு சிறிய கம்பெனி செய்தது. அது வேட விளையாட்டு அல்ல. விண்வெளியில் சுற்றும் விளையாட்டு. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். அதில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை, 18-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வருவதற்கும் அதிகம்! ஒரு ஆயுள் அல்ல, ஆயிரம் ஆயுள் சுற்றினாலும் முடியாது.

உலகமே வாயைப் பிளந்தது. வாங்கி ஆடியவர்கள் என்ன சொன்னார்கள்? "பத்துக் கிரகம் பார்த்தாயிற்று. பதினொன்றாவதும் அதே மாதிரிதான் இருக்கிறது" என்றார்கள். கிரகங்களைக் கணக்குப்போட்டு உண்டாக்கியது கம்ப்யூட்டர். பச்சைக்குப் பதில் சிவப்பு, நாலு காலுக்குப் பதில் ஆறு கால். எண்ணிக்கை பெரிது, வித்தியாசம் சிறிது. ஒரே சாம்பாரை நூறு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் அது நூறு பதார்த்தம் ஆகிவிடுமா?

கட்டியங்காரன் தந்திரம்

பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். வேடம் கட்டி ஆடுவதில் அனுபவம் உள்ள மண் இது. துரியோதனன் வேடக்காரர் அலங்காரம் முடித்து வரத் தாமதமானால், கட்டியங்காரன் வந்து ஏதாவது பேசி நேரத்தை ஓட்டுவான். கொஞ்ச நேரம் என்றால் ஜனங்கள் சிரிப்பார்கள். இரவு முழுவதும் கட்டியங்காரனே பேசிக் கொண்டிருந்தால்? பாயைச் சுருட்டிக் கொண்டு வீட்டுக்குப் போய் விடுவார்கள்.

வேட விளையாட்டிலும் கட்டியங்காரன் இருக்கிறான். "பத்து ஓநாய்களைக் கொன்று வா" என்பான். கொன்று வந்தால், "இருபது கரடிகளைக் கொன்று வா" என்பான். ஒரு கடிதத்தைக் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவான். அங்கே போனால் பதில் கடிதத்தோடு திருப்பி அனுப்புவான். நடக்கிற நேரமும் ஆட்ட நேரம் என்று கணக்கில் ஏறிவிடும்.

திரும்பச் செய்வது எல்லாமே மோசம் என்று எண்ணி விடாதீர்கள். சடுகுடுவைப் பாருங்கள். அதே மைதானம், அதே கோடு, அதே விதி. ஆயினும் ஒவ்வொரு தடவையும் புதிது. ஏன்? எதிரே நிற்பவன் யோசிக்கிறான். நாமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்க வைக்கும் திரும்பல் சரக்கு. கை மட்டும் அசைந்து கண் தூங்கும் திரும்பல் சக்கை.

உச்சிக்குப் போன பிறகு

2011 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' வெளிவந்தது. பெரிய பணம் போட்ட விளையாட்டு. எட்டு வகை வேடங்கள். எட்டுக்கும் தனித்தனிக் கதை. வசனங்களுக்கெல்லாம் நடிகர்கள் குரல் கொடுத்திருந்தார்கள். இதில் சரக்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் 50-வது நிலைதான் உச்சி. கம்பெனி எண்ணியதைவிட வேகமாக ஜனங்கள் அங்கே ஏறி விட்டார்கள். "அடுத்தது என்ன?" என்று கேட்டார்கள். போதுமான பதில் இல்லை. 2012 பிப்ரவரியில் 17 லட்சம் சந்தாதாரர்கள் இருப்பதாகக் கம்பெனி சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் அது 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. நவம்பரில் இலவசமாகவும் ஆடலாம் என்று கதவைத் திறந்து விட்டார்கள்.

எழுத ஆண்டுக் கணக்கு. ஆடித் தீர்க்க வாரக் கணக்கு. இந்தத் தொழிலின் தலைவலியே இதுதான். அதனால்தான் கட்டியங்காரனைக் கூப்பிடுகிறார்கள்.

மனிதரும் சரக்குதான்

"ஆன்லைன் விளையாட்டில் கூட இருக்கும் மனிதர்கள்தானே முக்கியம்? வேறு சரக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்த வகை விளையாட்டுக்கு மூத்தது, 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக் கழகத்தில் பிறந்தது. டிரப்ஷா, பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் செய்தது. படமே கிடையாது, வெறும் எழுத்துதான். ஆனாலும் ஆட ஆள் வந்தார்கள். பார்ட்டில் பிற்காலத்தில், 1996-ல், ஆடுகிறவர்களை நாலு வகையாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார். வெற்றி தேடுகிறவர், ஊர் சுற்றிப் பார்க்கிறவர், நட்புத் தேடுகிறவர், பிறரை வீழ்த்துவதில் இன்பம் காண்கிறவர். நீங்கள் எந்த வகை என்று தெரிந்தால்தான் உங்களுக்குச் சரக்கு எது என்பதும் தெரியும்.

ஆனால் மனிதரை மட்டும் நம்பிக் கடை போட முடியாது. அமேசானின் 'நியூ வேர்ல்டு' 2021 செப்டம்பரில் வந்தபோது, ஒரே நேரத்தில் 9 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். உள்ளே நுழைய வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. சில மாதத்தில் கூட்டம் கரைந்தது. 2025 அக்டோபரில், இனிப் புதிதாக எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்து விட்டது. திருவிழாவுக்கு வந்த ஜனங்கள், சாமி புறப்பாடு முடிந்ததும் போய் விடுவார்கள். கோயில் இருந்தால்தான் மறுபடி வருவார்கள்.

பூட்டிய பெட்டி

2020 செப்டம்பரில் வந்த 'ஜென்ஷின் இம்பாக்ட்' சீனாவில் செய்தது. அழகான நிலம், நல்ல இசை. புதிய புதிய பிரதேசங்கள் தொடர்ந்து சேர்ந்தன. சரக்கு உள்ள விளையாட்டுத்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் பரிசுகள் பலவற்றை வாங்க 'ரெசின்' என்ற ஒன்று வேண்டும். அது 8 நிமிஷத்துக்கு ஒரு துளி ஊறும். நாளெல்லாம் சேர்த்தால் 180 துளி. தீர்ந்தால் காத்திரு, அல்லது செலவு செய். புதிய ஆட்களைப் பெறுவதற்கோ சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒரு ஏற்பாடு. 90 தடவைக்குள் ஒரு பெரிய ஆள் நிச்சயம் வருவார். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட ஆளே வருவார் என்பது நிச்சயம் இல்லை.

காத்திருக்க வைப்பது சரக்கு அல்ல. பூட்டிய பெட்டியும் சரக்கு அல்ல. பெட்டிக்குள் இருப்பதைத்தான் எண்ண வேண்டும். அதைத் திறக்க எவ்வளவு பணம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சம்பளம் வந்த அன்று ஆசை அதிகம் இருக்கும். 25-ந்தேதி யோசித்துப் பார்த்து அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம்.

சிறிய பாத்திரம், நிறைந்த பால்

இதற்கு நேர் மாறான ஒரு விளையாட்டையும் சொல்ல வேண்டும். தமிழருக்குப் பெருமை தருவது. பெயர், 'வெண்பா'. கனடாவில் டொராண்டோ நகரத்தில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற நிறுவனம் செய்தது. 2023 ஜூலையில் வெளிவந்தது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு தாயின் கதை. கிழிந்தும் கறை படிந்தும் போன தன் அம்மாவின் சமையல் குறிப்பை வைத்துக் கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். மகன் வளர வளரத் தாய்மொழி அவனைவிட்டு விலகுகிறது.

இது ஆன்லைன் விளையாட்டு அல்ல. ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்து விடலாம். விளம்பரக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 2024-ல் பிரிட்டிஷ் அகாடமியின் 'பாப்டா' விருதுகளில், சிறந்த முதல் படைப்புக்கான பரிசு இதற்குத்தான் கிடைத்தது. காரணம், வீண் நிமிஷம் குறைவு. ஒவ்வொரு சமையலும் புதிது. ஒவ்வொரு சமையலிலும் கதை ஒரு அடி நகர்கிறது.

நாளைய பலகாரம்

"இன்று குறைவுதான், அடுத்த மாதம் நிறைய வரும்" என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம். சில சமயம் சொன்னபடியே வரும். 'நோ மேன்ஸ் ஸ்கை' பிற்பாடு பல சேர்க்கைகளை இலவசமாகவே கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. 2010-ல் வந்து தோற்ற 'பைனல் பேன்டசி 14' கதை இன்னும் அதிசயம். கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார். 2012 நவம்பரில் அந்த உலகத்தையே அழித்து மூடினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். அது பெரிய வெற்றி அடைந்தது.

ஆகவே, ஒரு விளையாட்டை இன்று வேண்டாம் என்று வைத்தால் அது ஆயுள் தண்டனை அல்ல. நன்றாக வந்த பிறகு போய்ச் சேரலாம். ஆனால் நாளைய பலகாரத்துக்கு இன்றே காசு கொடுக்கக் கூடாது.

ஐந்து கேள்விகள்

புது விளையாட்டை இறக்கியதும் இரண்டு மாலை ஆடிப் பாருங்கள். பிறகு உங்களை நீங்களே கேளுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக என்ன பார்த்தேன்? எத்தனை தடவை யோசித்தேன்? நடந்ததும் காத்திருந்ததும் எத்தனை நிமிஷம்? உச்சிக்குப் போனவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? பணம் கொடுக்காமல் எது வரை போகலாம்?

பதில் திருப்தி என்றால் ஆடுங்கள், மகிழ்ச்சியாக ஆடுங்கள். திருப்தி இல்லை என்றால், "இவ்வளவு தூரம் வந்து விட்டோமே" என்று இழுத்துக் கொண்டிருக்க வேண்டாம். போன நேரம் போனதுதான். பின்னாலேயே இன்னும் கொஞ்சத்தை அனுப்பி வைப்பானேன்?

வீட்டில் பெரியவர்களும், "எந்நேரமும் விளையாட்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இன்று அதில் புதிதாக என்ன வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பையன் கண் மலர்ந்து கதை சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. பதில் சொல்லத் திணறினால், அவனுக்கே விஷயம் விளங்கிவிடும்.

கம்பெனிக்கு நம் ஒரு மணி நேரம் லட்சத்தில் ஒன்று. நமக்கோ, அன்றைக்கு இருப்பதே அந்த ஒன்றுதான்!