லாடம் கட்டும் முன் குளம்பைப் பாருங்கள்

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வருவது நம் பகுதி விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். குதிரை வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார்கள். சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், நடக்கவிட்டும் பார்க்கிறார்கள். ஆனால் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: இதற்கு லாடம் கட்டுவதா, வெறுங்காலோடு விடுவதா?

‘குதிரை என்றால் லாடம் இல்லாமலா?’ என்பார்கள் ஒரு சாரார். ‘ஆண்டவன் கொடுத்த காலுக்கு இரும்பு எதற்கு?’ என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேருமே குதிரை எந்தத் தரையில், எவ்வளவு தூரம், எந்த வேலைக்கு நடக்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்காமல் லாடம் கட்டுவதும் தவறு, கட்டாமல் விடுவதும் தவறு என்பதே என் கருத்து.

நானும் ஒருமுறை இந்தத் தவறைச் செய்தவன். சந்தையில் வாங்கிய மட்டக்குதிரைக்கு, தோப்பைச் சுற்றி நிற்கப் போகிறது என்று தெரிந்தும், வழக்கம்தானே என்று லாடம் கட்ட வைத்தேன். ஓர் ஆணி உள்சதையை ஒட்டி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் கால் ஊன்றவில்லை. குளம்புக்குள் சீழ் வைத்து, மருத்துவர் வந்து கீறி எடுத்து, அது பழையபடி நடக்கப் பல வாரம் ஆனது. தேவையே இல்லாத லாடத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் கொடுத்த விலை அது.

குளம்பின் கணக்கு

குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போன்றது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு உள்ளே இருப்பதுதான் ரத்தமும் நரம்பும் ஓடும் உயிர்ப்பகுதி. குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மேலிருந்து தரை வரை புதுக்குளம்பு வந்து சேர 9 முதல் 12 மாதம் ஆகும். அடியில் முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. கால் ஊன்றும்போது அது அதிர்ச்சியைத் தாங்குகிறது, குளம்பும் சற்றே விரிந்து கொடுக்கிறது.

ஆகவே கணக்கு எளிது. வளர்வதும் தேய்வதும் சமமாக இருந்தால் லாடம் வேண்டியதில்லை. வளர்வதைவிடத் தேய்வது அதிகமானால் லாடம் வேண்டும்.

கொல்லையிலும் தோப்பிலும் மேயும் குதிரை, குட்டி, சினைக்கு நிறுத்திய பெட்டை, ஆண்டில் சில நாள் மட்டும் ஊர்வலத்துக்குப் போகும் குதிரை ஆகியவற்றுக்கு வெறுங்காலே நல்லது. மார்வாரி இனத்துக்கு இயல்பிலேயே கெட்டியான குளம்பு உண்டு. ஆனால் வெறுங்கால் என்றால் கவனிக்காமல் விடுவது என்று பொருள் அல்ல. தினமும் அடியைச் சுத்தம் செய்து, நீண்ட பகுதியை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி, அரத்தால் சமன் செய்ய வேண்டும்.

தினமும் தார் சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு லாடம் அவசியம். நம் மாவட்டத்தின் சரளைத் தரையில் நாள் முழுக்க நடப்பதற்கும் அப்படித்தான். அதற்கு வெறுங்காலே இயற்கை என்று விடுவது கொடுமை. இரண்டுக்கும் இடையில் ஒரு வழியும் இருக்கிறது. குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுவதால், மிதமான வேலைக்கு முன்னங்கால்களுக்கு மட்டும் கட்டினால் போதும்.

தேயவில்லை என்று விடாதீர்கள்

பலர் செய்யும் தவறு, இரும்பு தேயும் வரை காத்திருப்பது. லாடம் தேயாமல் இருக்கலாம், ஆனால் அதற்கு மேலே குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கழற்றி, சீவி, மறுபடி கட்ட வேண்டும். பழைய லாடமே நன்றாக இருந்தால் அதையே பொருத்தலாம். அந்தச் செலவுக்குத் தயாராக இல்லையென்றால் கட்டாமல் இருப்பதே மேல்.

லாடத்தைக் குளம்பின் அளவுக்குப் பொருத்த வேண்டுமே தவிர, கையில் இருக்கும் லாடத்தின் அளவுக்குக் குளம்பைச் சீவக் கூடாது. ஆணி வெளிச்சுவருக்குள் மட்டுமே இறங்க வேண்டும். குதிகால் பக்கம் ஆணி அடித்தால் குளம்பு விரிய முடியாது. ஆணிக் காயத்தால் ரண ஜன்னி வரும் ஆபத்து குதிரைக்கு மிக அதிகம் என்பதால் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

பல காலம் லாடம் கட்டிய குதிரைக்கு அதைக் கழற்றியதும் சரளையில் ஓட்டக் கூடாது. குளம்பு இறுகச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை மண் தரையில் சிறிது சிறிதாக நடத்திப் பழக்குங்கள்.

வண்டி மாட்டுக்கும் இதே கணக்குதான். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு லாடம். சேற்று உழவு மட்டும் செய்யும் மாட்டுக்கு அது தேவைப்படாது, சாலையில் பாரம் இழுப்பதற்குத் தேவை. மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்துத்தான் லாடம் அடிக்கிறார்கள். வயிறு நிறையத் தீனி போட்டவுடன் சாய்க்காதீர்கள். கல் தரையில் தள்ளாமல் மணலிலோ வைக்கோல் மீதோ சாய்க்கச் சொல்லுங்கள்.

கை தேர்ந்தவர் எங்கே?

இவ்வளவும் தெரிந்த லாடக்காரர் இன்று எத்தனை ஊரில் இருக்கிறார்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதியிருக்கிறார். கடல் கடந்து வந்த குதிரைகள் இங்கே ஏராளமாகச் செத்தன. லாடம் கட்டிக் காலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வியாபாரிகள் அவர்களை அழைத்து வராததோடு, வேறு யாரும் வராமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! கால் பார்க்க ஆள் இல்லாவிட்டால் நட்டம் எப்போதும் வாங்கியவனுக்குத்தான்.

மிருகவதைத் தடைச் சட்டத்தின்கீழ் லாடம் கட்டுவோருக்கு உரிமம் வழங்க 1965ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. இந்தத் தொழிலுக்குத் தேர்ச்சி வேண்டும் என்று அன்றே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் தேர்ச்சி எங்கிருந்து வரும்? கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. தீபச் சந்தை நாட்களில் அங்குள்ள வல்லுநர்களும் கால்நடைப் பராமரிப்புத் துறையினரும் சேர்ந்து ஒரு குளம்புப் பரிசோதனை முகாம் நடத்தலாம். லாடம் கட்டும் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சியும் கொடுக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.

அது நடக்கும் வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். அடுத்த சந்தையில் விலை பேசும் முன் நான்கு காலையும் தூக்கிப் பாருங்கள். வெடிப்பு, நாற்றம், சூடு இருக்கிறதா என்று கவனியுங்கள். லாடம் இருந்தால் கட்டி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். மழைக்காலச் சந்தையில் ஈரத்தில் ஊறிய குளம்பு மெத்தென்றுதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலைத் தூக்கவிடாத வியாபாரியிடம், எவ்வளவு நல்ல சுழி என்றாலும், குதிரை வாங்காதீர்கள்.