குப்பை யாருடையது?

நாட்டிலே குப்பை மலைபோற் குவிவதற்குக் காரணம் மக்களின் ஒழுக்கக் கேடே என்று மேடைதோறும் முழங்குவோர் தொகை பெருகி வருகின்றது. அதிகாரிகள் கூறுகின்றனர், சமயப் பெரியார் கூறுகின்றனர், பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வருகை தரும் பிரதம விருந்தினர், பொலித்தீன் சுற்றிய பூச்செண்டை மேசையில் வைத்துவிட்டு, பிளாஸ்ரிக் போத்தல் நீரை அருந்தியவாறே கூறுகின்றார். மாணவர் கைதட்டுகின்றனர். விழா முடிந்ததும் அப் போத்தலைப் பொறுக்குபவர் பாடசாலைச் சிற்றூழியர்.

இவர்களுக்கு மறுமுனையில் நிற்பவர் நம்மவர். "சமுதாய அமைப்பு மாறாதவரை வீட்டுக் குப்பையை இரண்டாகப் பிரிப்பதால் ஆவதென்ன? அது நடுத்தர வர்க்கத்தின் மனச்சாந்திக்குரிய சடங்கு" என்பது இவர்தம் வாதம். கேட்பதற்கு இது புரட்சிகரமாகவே இருக்கிறது. முன்னவர் கூற்றைப் போலவே இதுவும் சோம்பலுக்குச் சூட்டிய அழகிய பெயர் என்பதே எமது கருத்து.

முதலில் ஒழுக்கவாதிகளைக் கவனிப்போம். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புதுவருடப் பிறப்பன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக் குப்பை அவர்களுடையதா? கொழும்பு மாநகரின் மாளிகைகளும் விடுதிகளும் அங்காடிகளும் கழித்தவை அவை. புளூமெண்டல் மேடு 2009இல் மூடப்பட்டபின், சேரியின் தலைமாட்டிலே அக் குப்பை கொட்டப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் ஆண்டுக்கணக்காக எதிர்ப்புத் தெரிவித்தனர், கேட்பாரில்லை. சாவு நிகழ்ந்தபின் கண்ட மார்க்கம் யாது? ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு அப்பால், புத்தளம் மாவட்டத்து அருவாக்காட்டிலே கொட்டுவது! 1990இல் வடபுலத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகத் தஞ்சம் புகுந்த மாவட்டம் அது. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். அவர்களுக்கும் ஒழுக்கம் போதிக்கப் போகின்றோமா?

நீர் பள்ளம் நோக்கிப் பாய்வது போலக் குப்பை வறியவன் வாசலை நோக்கிப் பாய்கின்றது. நாடுகளுக்கிடையிலும் இதே விதிதான். 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தைகளென்ற பெயரில் 200க்கு மேற்பட்ட கொள்கலன்களிற் கழிவு வந்திறங்கியது. அதிலே வைத்தியசாலைக் கழிவும் இருந்தது. நீதிமன்றம்வரை சென்றே அவற்றைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று; கடைசித் தொகுதி வெளியேறியது 2022இல். நம் மக்களுக்கு ஒழுக்கமில்லை என்போர், அந்தத் துரைமாரின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையேனும் பேசியதுண்டா?

இன்னொன்று. சோடா கண்ணாடிப் போத்தலில் மட்டும் வந்த காலத்தில் வெற்றுப் போத்தல் வீதியிற் கிடந்ததில்லை. கடையிற் கொடுத்தாற் காசு கிடைக்கும் என்பதைக் குழந்தையும் அறியும். அன்றிருந்த மக்கள் ஞானிகளல்லர்; போத்தலுக்குப் பெறுமதி இருந்தது, அவ்வளவே. அதைத் திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பும் செலவு கம்பனியுடையதாயிருந்தது. எறியும் போத்தல் வந்தது. செலவு ஊர்ச்சபையின் தலைக்கு மாறியது. இலாபம் மாத்திரம் மாறவில்லை. சம்பூவைச் சிறு பையில் வாங்குபவள் ஒழுக்கங் கெட்டவளல்லள். அவளது நாட்கூலிக்கு முழுப்போத்தல் எட்டாது என்பதை அறிந்தே கம்பனி அப் பையைச் செய்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. மெல்லிய பொலித்தீனுக்கு 2007இல் ஒரு தடை. 2017இல் உணவு சுற்றும் தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை. 2021இல் சிறு பைகளுக்கு. 2023இல் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றுக்கு. ஈற்றில், 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது. நன்று. ஆயின் இவ்வேற்பாட்டிலே பையின் விலையைச் செலுத்துபவர் வாங்குபவரே. உற்பத்தி செய்தவர் நிம்மதியாக உறங்குகின்றார்.

இதுவரை நம் தோழர்கள் தலையசைத்திருப்பர். இனி அவர்கள் பக்கம் வருவோம்.

அமைப்பு மாறும் நாள்வரை அந்தப் பையைத் திறப்பது யார்? அழுகிய சோறும் மீன்செதிலும் உடைந்த கண்ணாடியும் சவர அலகும் ஊசியும் ஒன்றாகக் கட்டிப் படலையடியில் வைத்த பையைத் தூக்குபவர், பெரும்பாலும் கையுறையின்றித் தூக்குபவர், நகர சுத்தித் தொழிலாளி. அமைய அடிப்படையிலும் நாட்கூலிக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்போர் அவர்களில் எத்துணைப் பேர்! யாழ்ப்பாணத்திலே இத்தொழில் எந்த மக்களின் தலையிற் சுமத்தப்பட்டது, அவர்தம் குடியிருப்புகள் எங்கே ஒதுக்கப்பட்டன என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலை வாசித்துக் கண்ணீர் உகுத்தோர் நம்மிடைப் பலர். அந்நாவலை மூடி வைத்துவிட்டு, உடைந்த குவளையைச் சோற்றோடு சேர்த்துக் கட்டி வெளியே வைப்பவரும் அவர்களே. அந்தக் கண்ணாடித் துண்டைத் தாளிற் பொதிந்து வேறாக வைப்பதற்குச் சோசலிசம் மலரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது சமையற் கழிவும் சருகுமேயாகும். அதனை வேறாக்கிவிட்டால் எஞ்சுவது நாற்றமற்ற உலர்பொருள்: தாள், தகரம், போத்தல், பிளாஸ்ரிக். அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பழைய போத்தல், கடதாசி வாங்குவோர் எடுத்துச் செல்வர். சேர்த்துக் கட்டினாலோ இரண்டும் கெடும்; நனைந்த கடதாசியை எவரும் வாங்கார், பொலித்தீன் கலந்த எருவைத் தோட்டத்தில் எவரும் இடார். காற்றுப் புகாது மேட்டின் அடியிற் புதைந்து அழுகுவது மெதேன் வாயுவாகி எரிகின்றது. யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாய் வெளியிலே குப்பை தீப்பற்றிப் புகை சூழ்ந்த செய்தியை எத்தனை முறை வாசித்துவிட்டோம்! அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே யானைகள் பிளாஸ்ரிக்கைத் தின்று மடிகின்றன.

தமிழ் படித்தவனுக்கு ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமலிருக்க இயலாது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தோட்டத்துக்குப் 'குப்பை போடுதல்' என்னும்போது அவன் கருதுவது எருவை. மாட்டுச் சாணமும் சாம்பலும் சருகும் மக்கிய அந்தக் குப்பைக்கு விலையுண்டு. பனையோலையையும் பூவரசங் குழையையும் மண்ணிற் தாழ்த்திப் பயிர் செய்தவர் நம் முன்னோர். அவர்களிடம் வீண்பொருளென்று ஒன்று இருக்கவில்லை; சொல்லும் அதற்கேற்ப இருந்தது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் முற்றத்துச் சருகையும் பொலித்தீனையும் ஒன்றாகக் கூட்டி அந்திவேளையில் வேலியோரம் தீ மூட்டுகின்றனர். மறுவாரம் உரப்பைக்கு வரிசையில் நிற்கின்றனர். அப்புகையிலுள்ள நஞ்சை முதலிற் சுவாசிப்பது அயல்வீட்டுக் குழந்தை.

பழைய வாளியொன்றின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, ஒரு படை சமையற் கழிவு, ஒரு படை சருகு என்று இட்டு, இடைக்கிடை கிளறி வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் எருவாகும். நிலமற்ற தொடர்மாடி வீட்டாருக்கு இது எளிதன்று. அவர்களுக்குச் சபைதான் வழி செய்ய வேண்டும். சந்தைக்குப் பனையோலைப் பையோ சீலைப் பையோ கொண்டு செல்வதும், ஆசிரியர் மதிய உணவைப் பொலித்தீன் தாளில் வாங்காது பெட்டியிற் கொணர்வதும் எவரும் இன்றே செய்யத்தக்கவை. ஆனால் ஒன்று: இவ்வேலை முழுவதையும் மனைவியின் தலையிற் கட்டிவிட்டு, நாம் கூட்டத்திற் சூழலைப் பற்றிப் பேசுவோமாயின், வீட்டுக்குள்ளேயே ஒரு நகர சுத்தித் தொழிலாளியை உண்டாக்கியவராவோம்.

"நாம் பிரித்து வைத்தும் சபையின் உழவு இயந்திரத்தில் இரண்டையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்பர். உண்மை, பல ஊர்களில் அவ்வாறே நடைபெறுகின்றது. ஆயினும் பிரித்து வைத்தவனுக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டு. பத்து வீட்டார் கேட்டால் சாரதியைக் கடிந்துகொள்வதோடு முடியும். ஓர் ஒழுங்கை முழுவதும் கேட்டால் தவிசாளர் விடை கூறியாக வேண்டும். வீட்டுப் படலையில் வைத்த இரு வாளிகள் அங்கே அரசியலாகின்றன. நம் தோழர்கள் காணத் தவறுவது இதையே.

ஆகவே, பிரதேச சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆசிரியரும் மாணவரும் செல்லட்டும். உக்குவதற்கு ஒரு நாள், உக்காததற்கு வேறொரு நாள் என வண்டி வர வேண்டும். தொழிலாளருக்குக் கையுறையும் சப்பாத்தும் நிரந்தர நியமனமும் வழங்க வேண்டும். சந்தைக் கழிவைச் சபையே எருவாக்கிக் கமக்காரருக்கு விற்க வேண்டும். போத்தலை விற்ற கம்பனி காசு கொடுத்து அதைத் திரும்பப் பெறச் சட்டம் வேண்டுமெனச் சபை தீர்மானம் நிறைவேற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இவற்றைக் கேட்கப் போகுமுன், நம் வீட்டிலும் நம் பாடசாலையிலும் இரு வாளிகள் இருக்கின்றனவா என்று தவிசாளர் திருப்பிக் கேட்கக்கூடும். அவரிடம் விடையுடன் செல்வோம்.