கஞ்சி கேட்ட சிறுவனும் நாடு மீட்கும் வீரனும்

பழங்கதையைப் புதுக்கிச் சொல்லுதல் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. அகலிகை கதையை எடுத்துக்கொண்டு புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' படைத்தார். மூலக்கதை கேளாது விட்ட வினாவை அச்சிறுகதை கேட்டது, அதனாலேயே நிலைபெற்றது. எனவே மறுபடைப்பை எடைபோட அளவுகோல் ஒன்று நம்மிடம் உண்டு. களமும் காலமும் எத்துணை மாறின என்பதன்று. மூலத்தின் உயிரான வினா காக்கப்பட்டதா, கூர்மை பெற்றதா என்பதே அது. சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலை இருண்ட எதிர்காலத்திற்கு இடம்பெயர்த்த படக்கதை ஒன்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம்.

முதலில் மூலத்தை நோக்குவோம். 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. அரசின் உதவி வேண்டுவோர் ஏழையர் விடுதிக்குள் வந்து சேர வேண்டும். உள்ளே இருப்போரின் நிலை, வெளியே உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கொள்கை. விடுதிக்குள் கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். டிக்கன்ஸ் வறுமையை ஏட்டில் மட்டும் கற்றவர் அல்லர். 1824இல் தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 12 வயதுச் சிறுவனாகக் காலணி மை தயாரிக்கும் தொழிற்கூடத்தில் கூலிக்கு உழைத்தவர். அவர் 1837 பிப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை மாத இதழில் தொடராக எழுதியதே ஆலிவரின் கதை.

படக்கதை என்றவுடன் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. ஆனால் இந்நாவலே ஜார்ஜ் குரூக்ஷாங்கின் ஓவியங்களோடுதான் பிறந்தது. கிண்ணத்தை ஏந்தி நிற்கும் அம்மெலிந்த சிறுவனை வாசகர் சொல்லில் கண்டதைப் போலவே கோட்டிலும் கண்டனர். ஆதலால் ஆலிவர் படக்கதையாவதில் இழுக்கு ஏதுமில்லை.

2019 ஜனவரியில் அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் 'ஆலிவர்' என்னும் படக்கதைத் தொடரைத் தொடங்கியது. எழுதியவர் கேரி விட்டா; வரைந்தவர் டாரிக் ராபர்ட்சன். பெரும்போரால் பாழ்பட்ட இங்கிலாந்தே கதைக்களம். காற்றே நஞ்சாகிவிட்ட இடிபாடுகளில், போருக்கென்றே உருவாக்கப்பட்ட நகல் மனிதர்களாகிய வீரர்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே வளரும் தாயற்ற சிறுவனே இந்த ஆலிவர். இயல்பை மீறிய ஆற்றல் படைத்த அவன், அடிமைப்பட்ட நாட்டை மீட்கப் பிறந்தவனாகக் காட்டப்படுகிறான்.

இப்படைப்பின் சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. தேவைக்கு மனிதரை உண்டாக்கித் தேவை தீர்ந்ததும் குப்பையெனக் கழித்துவிடும் அரசை அது காட்டுகிறது. அக்காட்சியில் டிக்கன்ஸின் சினம் இன்னும் கனல்கிறது. ஆனால் மையப் பாத்திரத்தில் அக்கனல் அவிந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

மூலத்தில் ஆலிவர் யார்? ஊர்ச் சேவகர் பம்பிள் அகர வரிசைப்படி அனாதைகளுக்குப் பெயர் சூட்டி வந்தபோது, தன் முறைக்கு வந்த எழுத்தால் பெயர் பெற்றவன். கஞ்சி போதாமல் வாடிய சிறுவர்கள் சீட்டுப் போட்டுப் பார்த்தபோது, அச்சீட்டு விழுந்ததால் எழுந்து நின்றவன். அவன் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன் அல்லன். எவனும் ஆகியிருக்கக்கூடிய ஒருவன். அவன் கேட்டது விடுதலையன்று. இன்னும் கொஞ்சம் கஞ்சி. அதற்கே நிர்வாகக் குழு நடுங்கியது. அவனை அழைத்துச் செல்பவருக்கு ஐந்து பவுன் தருவதாக அறிவிப்பு ஒட்டியது. அவனுடைய பசியைப் போர் உண்டாக்கவில்லை; நஞ்சுக்காற்றும் உண்டாக்கவில்லை. நன்கு உண்டவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து கணக்கெழுதி உண்டாக்கிய பசி அது. உலகம் அழியாமலே, சட்டம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை பட்டினி கிடக்கும் என்பதே டிக்கன்ஸ் காட்டிய கொடுமை. இது கற்பனை மிகையன்று. 1845இல் ஆண்டோவர் ஊர் விடுதியில், உரத்திற்காக இடிக்கக் கொடுத்த அழுகிய எலும்புகளை அங்கிருந்தோர் பசியால் கடித்துத் தின்ற செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. பேரழிவைக் களமாக வைக்கும்போது இக்குற்றவாளிகள் இடிபாடுகளுக்குள் மறைந்துவிடுகின்றனர்.

'டிக்கன்ஸும் இறுதியில் ஆலிவரை நற்குடிப் பிறப்பினனாக்கிச் சொத்துக்கு உரியவனாக்கவில்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அது மூலத்தின் பலவீனம். ஆயினும் அந்நாவலில் டிக் என்றொரு சிறுவன் உண்டு. ஆலிவரோடு பட்டினி கிடந்து, அவனை வாழ்த்தி வழியனுப்பியவன். வாழ்வு பெற்ற ஆலிவர் அவனைத் தேடி வரும்போது அவன் இறந்துபோயிருக்கிறான். ஒருவனைக் காப்பாற்றிய கதை, காப்பாற்றப்படாதவனையும் நினைவில் நிறுத்துகிறது. அனாதைக் குழந்தை வாழ்வதற்கு உயர்ந்த குருதியும் வேண்டா, வியத்தகு ஆற்றலும் வேண்டா. குழந்தையாய் இருத்தலே போதும். சிறப்பாற்றல் உள்ளவனே கதைக்குரியவன் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினால், ஆற்றலற்ற டிக்குகளை நாம் எளிதில் மறந்துவிடுவோம்.

மறுபடைப்பு வேறு வகையிலும் அமையக்கூடும் என்பதற்குச் சான்று, 2003இல் வில் ஐஸ்னர் படைத்த 'ஃபேகின் தி ஜ்யூ' என்னும் படக்கதை. சிறுவரைத் திருட்டுக்குப் பழக்கும் ஃபேகினை, டிக்கன்ஸ் மீண்டும் மீண்டும் 'யூதன்' என்றே சுட்டியிருந்தார். எலிசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி 1863இல் மடல் எழுதி இதனைக் கண்டித்தார். பின்னர் 1867 பதிப்பில் டிக்கன்ஸ் அச்சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஐஸ்னர், ஃபேகினையே தன் வாழ்வைச் சொல்ல வைத்தார். இலண்டனில் குடியேறிய ஏழை யூதர்களின் இடர்ப்பாட்டைத் தீட்டினார். இலண்டன் மாறவில்லை, காலமும் மாறவில்லை. ஆனால் வினா கூர்மையடைந்தது: ஒருவனின் குற்றத்தை அவன் இனத்தின் பெயரால் எழுதுவது எவ்வகை நீதி?

மாணவ நண்பர்கள் பழங்கதைகளைத் தாராளமாகப் புதுக்கி எழுதட்டும். எழுத்திலும் எழுதட்டும், ஓவியத்திலும் எழுதட்டும். எழுதத் தொடங்குமுன் இரண்டு வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். மூலக்கதை யாருக்கு நீதி செய்யாமல் விட்டது? என் கதை யாரை மறக்கச் செய்கிறது? ஆலிவருக்கு வாளும் கவசமும் அளிப்பது எளிது. அவன் நீட்டிய கிண்ணத்தில் கஞ்சி விழவில்லையே, ஏன் என்று கேட்பது கடினம். அக்கடினமான பணியே இலக்கியத்தின் பணி.