முப்பது கதிரைகளுக்குக் கணக்குச் சொல்லுங்கள்

ஐயா, 2013 செப்டம்பர் 21 அன்று நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலில் உங்களுக்கு விருப்பு வாக்குப் போட்ட 132,255 பேரில் நானும் ஒருத்தி. நீங்கள் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர், வடக்கின் முதலாவது முதலமைச்சர். உங்களோடு சரிக்குச் சரி நின்று பேசும் தகுதி எனக்கு இல்லை என்று உங்கள் ஆட்கள் சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்குத்தான் என் தகுதி. அதை வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

அந்த வாக்கு சும்மா விழுந்த வாக்கா? யுத்தம் முடிந்து நாலு வருசம்தான் ஆகியிருந்தது. சந்திக்குச் சந்தி படையினர். வாக்களிப்புக்கு முந்தைய இரவுகளில் ஒன்றில் வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீட்டுக்குள் புகுந்து தாக்கினார்கள். விடிந்தால் வாக்களிப்பு என்ற நேரத்தில், உதயன் பத்திரிகையைப் போலவே அச்சடித்த போலிப் பதிப்பு ஊருக்குள் உலாவியது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் சனம் வரிசையில் நின்றது. காணாமல் போன மகனின் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்ற தாய்மாரை நான் கண்டேன். முடிவு வந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 78.48 வீதம். 38 கதிரைகளில் 30. அப்படி ஒரு ஆணையைத் தந்த சனத்துக்கு அதற்குமேல் கொடுக்க என்ன இருந்தது?

மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது திருத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எங்களுக்குச் சொன்னதே நீங்கள் எல்லோரும்தான். அதனால்தான் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா உங்களைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்தார். சட்டத்தின் ஓட்டையும் ஒழுங்கையும் தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தால், இல்லாத அதிகாரத்தையும் கேட்டு வாங்கலாம், இருக்கிற அதிகாரத்தையும் சரியாகப் பாவிக்கலாம் என்று நம்பினோம்.

கொழும்பு செய்ததை நான் மறைக்கவில்லை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். மாகாண ஊழியரின் நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் கடைசியில் ஆளுநரிடம். காசோடு தொடர்புள்ள நியதிச் சட்டம் சபைக்கு வருவதற்கே ஆளுநரின் சிபாரிசு வேண்டும். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் 1987இலிருந்து காகிதத்திலேயே கிடக்கின்றன. யுத்தத்தில் நொந்த சனத்துக்கு, அந்த யுத்தத்தை நடத்திய படையின் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரையே ஆளுநராக வைத்திருந்தார்கள். பிரதம செயலாளருக்கும் உங்களுக்கும் இருந்த பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் காசு ஊருக்கு வந்து சேர ஒரு வழி வேண்டுமென்று நீங்கள் கேட்ட முதலமைச்சர் நிதியம் கடைசி வரை கைகூடவில்லை. இவ்வளவும் அநியாயம். இதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை.

கொழும்பு ஏமாற்றும் என்று தெரிந்துதானே ஐயா உங்களை அனுப்பினோம்? எங்கள் ஆட்கள் தங்களுக்குள்ளேயே அடிபட்டு அந்த ஐந்து வருசத்தையும் கரைப்பார்கள் என்றுதான் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊர் மதகு மாரி மழைக்கு இடிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் போனார்கள். ஒரு அலுவலகத்துக்குப் போனோம். ஒழுங்கை பிரதேச சபையினுடையது, வீதி மாகாணத்தினுடையது, பெருந்தெரு மத்திய அரசினுடையது, மதகு யாருடையது என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பார்த்துச் சொல்லவே இல்லை. மதகு கட்ட ஐக்கிய நாடுகள் சபை வர வேண்டுமா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கமம், மாகாண வீதி, உள்ளூராட்சி. இவையாவது உங்கள் கைக்குள் இருந்தனவே.

சுன்னாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கு நிலத்தடி நீர்தான் உயிர். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் வாளியோடு நின்று காட்டியது. பவுசர் வரும் வரை பிள்ளைகள் போத்தல்களோடு காத்து நின்றார்கள். எங்கள் சபை அமைத்த நிபுணர் குழு, சனத்தின் பயத்தை ஆற்றும் தொனியில் அறிக்கை தந்தது. சனத்தின் ஆத்திரம்தான் கூடியது. 2019இல் உயர் நீதிமன்றம் மாசுக்குப் பொறுப்பான மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாங்கள் நம்பாத கொழும்பின் நீதிமன்றம் எங்கள் கிணற்றுக்காகப் பேசியது ஐயா. நாங்கள் வாக்குப் போட்ட சபை ஏன் அந்தக் குரலில் பேசவில்லை?

2015 பெப்ரவரி 10ஐ நான் மறக்க மாட்டேன். எங்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று நீங்கள் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை நிறைவேற்றிய நாள். தெரிவான சபை ஒன்று அதைச் சொன்னதே என்று வீட்டுக்குள் இருந்து அழுதேன். அந்தப் பெருமையை உங்களிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம். டேவிட் கமரன் வந்தார், மோடி வந்தார், பான் கீ மூன் வந்தார். எல்லோரும் யாழ்ப்பாணம் வரை வந்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 2016இல் எழுக தமிழ் பேரணிக்குக் கூப்பிட்டபோது நானும் முற்றவெளி வரை நடந்து வந்தேன். கை வலிக்கத் தட்டினேன்.

அதற்குப் பிறகு? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மாரின் பேரில் வாக்கு வாங்கிய சபை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? யார் எந்த அமைச்சைக் கவிழ்ப்பது, யார் யாருக்கு எதிராகக் கையெழுத்து வைப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருச ஜூன் மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது. நீங்கள் வைத்த விசாரணைக் குழு இரண்டு அமைச்சர்கள் மேல் குற்றம் கண்டது. அவர்களைப் பதவி விலகச் சொன்னீர்கள். முறைப்பாடு நிரூபிக்கப்படாத மற்ற இருவரையும் விடுமுறையில் போகச் சொன்னீர்கள். நிரூபிக்கப்படாவிட்டால் ஏன் விடுமுறை என்று ஒரு நீதியரசரிடம் சனம் கேட்க வேண்டி வந்ததே, அது எவ்வளவு பெரிய வெட்கம்! மறுபக்கம் கூட்டமைப்புக்குள் இருந்த தமிழரசுக் கட்சிக்காரர் செய்ததோ அதைவிடக் கேடு. ஜூன் 14 இரவு உங்களுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு ஆளுநரிடம் ஓடினார்கள். எந்த ஆளுநரிடம்? அதிகாரத்தை அடைத்து வைத்திருக்கிறார் என்று ஆண்டாண்டாக மேடைக்கு மேடை நீங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டிய அந்தப் பதவியிடம். வீட்டுச் சண்டையைத் தீர்க்கச் சொல்லி, வேலியைப் பிடுங்கியவனையே கூட்டி வந்ததுபோல. மறுநாளும் அதற்கடுத்த நாளும் இளசுகள் உங்களுக்காக வீதிக்கு வந்தார்கள், கடைகள் பூட்டினார்கள். கடைசியில் பிரேரணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த இரவில் கொழும்பு சிரித்த சிரிப்பை யார் திரும்பப் பெறுவது?

உங்களில் மட்டும் பழியைப் போடவில்லை ஐயா. உங்களைக் கொண்டுவந்து ஏற்றியவர்களே உங்கள் காலை வாரினார்கள். நீங்களும் அவர்களின் கட்சிக் கதிரையில் இருந்துகொண்டே கட்சிக்கு வெளியே அமைந்த தமிழ் மக்கள் பேரவைக்கு இணைத் தலைமை தாங்கினீர்கள். இரண்டு பக்கமும் கொள்கை என்றுதான் சொன்னது. நீங்கள் நீக்கிய அமைச்சர் டெனீஸ்வரன் நீதிமன்றம் போனார். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே இருக்கக்கூடிய அமைச்சர் சபையில் யார் அமைச்சர், யார் இல்லை என்ற தர்க்கத்திலேயே கடைசி மாதங்கள் போயின.

2018 ஒக்டோபர் 24 அன்று சபையின் காலம் முடிந்தது. அதே நாளில் நீங்கள் புதுக் கூட்டணியை அறிவித்தீர்கள். 2020இல் நாடாளுமன்றம் போனீர்கள். மற்றவர்களும் தங்கள் தங்கள் பாதையில் போனார்கள். எங்களுக்கு மட்டும் போக ஒரு பாதையும் இல்லை. ஏனென்றால் சபையே இல்லை.

ஏன் இல்லை? 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது எங்கள் பிரதிநிதிகளும் கை உயர்த்தினார்கள். அந்த முறைக்கு எல்லை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்கும் விழாமல் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அன்றிலிருந்து இதை எழுதும் வரை தேர்தல் இல்லை. ஆளுநர்கள் மட்டும் மாறி மாறி வருகிறார்கள். தமிழர்களே வருகிறார்கள் என்று எங்களை ஆறுதல்படச் சொல்கிறார்கள். தமிழரோ சிங்களவரோ, ஜனாதிபதி அனுப்பியவர் ஜனாதிபதியின் ஆள்தான். நாங்கள் அனுப்பியவர் யார்? அந்தச் சபைக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் அது இல்லாமல் போனதற்காக ஒரு நாள் வீதியில் உட்கார்ந்தார்கள்?

2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி எடுத்தது. சனத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று எங்கள் தலைவர்கள் பேசினார்கள். சனம் இனத்தை மறந்துவிட்டது என்றார்கள். இல்லை ஐயா. சனம் மறக்கவில்லை. முப்பது கதிரைகளைத் தூக்கித் தந்தோம், அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருந்தது. அந்த ஞாபகம்தான் பெட்டிக்குள் விழுந்தது.

இனியும் ஒருநாள் மாகாண சபைத் தேர்தல் வரும். உங்கள் கட்சியும் வரும், தமிழரசும் வரும், உடைந்தவர்கள் எல்லோரும் புதுப்பேரில் வருவார்கள். ஒற்றுமை என்பார்கள். தாயகம் என்பார்கள். அவை எனக்கும் வேண்டும். ஆனால் வெறும் பேச்சாக வேண்டாம். அதிகாரம் இருந்த துறைகளில் என்ன செய்தீர்கள், வந்த நிதியில் எது எங்கே போயிற்று, அந்த ஜூன் இரவுக்கு யார் பொறுப்பு, தேர்தல் நிற்கக் கை உயர்த்தியவர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்து வைத்துக் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் வருகிறவர் எவரானாலும், என் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போகட்டும்.