சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு. ஈறு பரிசோதனை எங்கே? - சித்தூர் எல்லைப்பகுதி எழுப்பும் கேள்வி

சித்தூர் (பாலக்காடு): இந்தியாவில் சர்க்கரை நோய் அதிகம் காணப்படும் மாநிலங்களின் முன்வரிசையில் கேரளம் உள்ளது. அந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் தாக்கும் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. ஆனால், அதே நோய் ஈறுகளை அரித்துப் பற்களை ஆட்டம் காணச் செய்யும் என்பது அதே அளவுக்கு மக்களைச் சென்றடையவில்லை. தமிழர்கள் பெருமளவில் வாழும் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர்களில் இந்த இடைவெளிக்கு மொழியும் தொலைவும் கூடுதல் காரணங்களாகின்றன.

நான்கில் ஒருவர்

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் இணைந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியாகின. நாட்டில் 10.1 கோடி பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. தேசிய சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. அதாவது, கேரளத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது.

இருவழிப் பாதை

ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி உயரும்போது கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. புண் ஆறுவது தாமதமாகிறது. எச்சில் சுரப்பு குறைந்து வாய் உலர்கிறது. இவை அனைத்தும் ஈறு நோய்க்கு வழிவிடுகின்றன. மறுபுறம், ஈறுகளில் நீடிக்கும் அழற்சி இன்சுலின் செயல்பாட்டைத் தடுத்து, சர்க்கரை அளவை மேலும் உயர்த்துகிறது. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் ஹரால்ட் லோ குறிப்பிட்டார்.

சிகிச்சையின் பலனும் அளவிடப்பட்டுள்ளது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, 3 முதல் 4 மாதங்களில் 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைந்ததாகக் காக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டு மறுஆய்வு தெரிவித்தது. இது மாத்திரைக்கு மாற்று அல்ல, மாத்திரைக்குத் துணை.

தட்டில் தெரியும் பாதிப்பு

பல் போனவரின் இழப்பு முகத்தோடு நிற்பதில்லை. காய்கறி, பயறு, கடலை, பழம் ஆகியவற்றை மெல்ல முடியாதவர் கஞ்சி, குழைந்த சோறு, ரொட்டி ஆகியவற்றை நாடுகிறார். சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளே தட்டில் மிஞ்சுகின்றன. வாய் நாற்றத்துக்கு அஞ்சிப் பேச்சைக் குறைப்பதும், பல்வலியால் உறக்கம் கெடுவதும், விருந்துகளைத் தவிர்ப்பதும் வாழ்க்கைத் தரத்தைக் குலைக்கின்றன. வலி, உணவு, பேச்சு, கூச்சம் ஆகியவற்றைக் கொண்டு இப்பாதிப்பை அளக்கும் வினாத்தாள்கள் பல் மருத்துவ ஆய்வுகளில் 1990களிலிருந்தே பயன்பாட்டில் உள்ளன.

இரு திட்டங்களுக்கு நடுவே

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கேரள சமூக நீதித் துறை 'வயோமதுரம்' திட்டத்தில் குளுக்கோமீட்டர் வழங்குகிறது. பற்களை இழந்த ஏழை முதியோருக்கு 'மந்தஹாசம்' திட்டத்தில் இலவசப் பல் செட் வழங்குகிறது. இரண்டும் பயனுள்ளவையே. ஆனால், சர்க்கரையை அளக்கும் கருவிக்கும் பல் செட்டுக்கும் நடுவே உள்ள நீண்ட ஆண்டுகளில் பல்லைக் காப்பாற்றும் பணிதான் முக்கியமானது. விழித்திரைப் பரிசோதனைக்கு 'நயனாமிர்தம்' இருப்பதுபோல், ஈறுக்கும் ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின்படி 30 வயது கடந்தோருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தத்துடன் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். புற்றுநோய்க்காகத் திறக்கப்படும் அதே வாயில் ஈறு வீக்கம், ரத்தக்கசிவு, பல் ஆட்டம் ஆகியவற்றையும் பார்த்துப் பதிவுசெய்து, பல் மருத்துவரிடம் அனுப்ப முடியும்.

எல்லையின் சிக்கல்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊராட்சிகளில் தமிழே பலருக்கு வீட்டு மொழி. விழிப்புணர்வுத் துண்டறிக்கை மலையாளத்தில் மட்டும் இருந்தால், அது அவர்களில் முதியோரைச் சென்றடையாது. சிறுபான்மை மொழிப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 இடமளிக்கிறது. அந்த உணர்வு மருந்துச் சீட்டுக்கும் நீள்வதே நியாயம். மேல்சிகிச்சைக்கோ, கேரளத்துக்குள் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி திருச்சூரில் உள்ளது. தினக்கூலிக்குச் செல்வோருக்கு அப்பயணம் ஒரு நாள் ஊதியத்தை விழுங்கும்.

செய்ய வேண்டியவை

காலையும் இரவு உறங்கும் முன்பும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குதல், புகையிலையையும் வெற்றிலைப் பாக்கையும் கைவிடுதல், பல் செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைத்தல், வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரைக் காணுதல் ஆகியவை அடிப்படை. பல் பிடுங்கும் முன் சர்க்கரை நோய் இருப்பதையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் கூற வேண்டும். துலக்கும்போது ரத்தம் கசிவதை வெறும் சூடு என்று ஒதுக்கலாகாது. ஈறு நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்போது பல் கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கக்கூடும்.