சொற்பட்டியலை மூடுங்கள், தோழர்களே!

நகுவாட்டிலையும் கோமியையும் அருகருகே வைத்து, ஒலி ஒத்த சொற்களுக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருக்கும் அந்த நோட்டை முதலில் மூடுங்கள். ஒன்று மெக்சிகோவின் யூட்டோ-அஸ்டெக் மொழி. மற்றது ரஷ்யாவின் வடக்கே, சிக்திவ்காரைத் தலைநகராகக் கொண்ட குடியரசின் யூராலிய மொழி. இரண்டுக்கும் உறவு கிடையாது. கோமியில் 'கெர்கா' வீடு, 'கெர்காயின்' வீட்டில், 'கெர்காயிஸ்' வீட்டிலிருந்து. நம் உருபுகளைப் போலவே ஒட்டுகிறதே, உறவாக இருக்குமோ என்ற மயக்கம் கால்டுவெல் காலத்திலிருந்தே நமக்கு உண்டு. நகுவாட்டிலில் வேற்றுமை உருபே இல்லை. 'நினகாக்வா' என்றால் நான், இறைச்சி, தின்கிறேன் மூன்றும் ஒரே சொல்லில் அடக்கம்.

ஒப்பிட வேண்டியவை அரசாணைகள்!

1372இல் ஸ்தெபான் பாதிரியார் கோமிக்கு எழுத்தே செய்து கொடுத்தார், மதம் பரப்ப. 1570இல் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர் நகுவாட்டிலுக்கு ஆட்சிமொழிப் பட்டம் கட்டியதும் அதற்குத்தான். காரியம் முடிந்தபின், 1770இல், அதே நாட்டு மன்னர் மூன்றாம் கார்லோஸ் பழங்குடி மொழிகள் அத்தனையும் ஒழியட்டும் என்று ஆணையிட்டார். சோவியத் ஆட்சியில் கோமிக்கு இருபதே ஆண்டில் மோலோத்சோவ் என்பவர் அமைத்த எழுத்து, லத்தீன், சிரிலிக் என மூன்று மாற்றம். அக்கா படித்த புத்தகம் தம்பிக்கு உதவாது!

மெக்சிகோ 2003இல் சட்டம் போட்டு நகுவாட்டிலைத் தேசிய மொழிகளில் ஒன்றாக ஏற்றது. பேசுவோர் 16 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் தொடக்கப் பள்ளியைத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். கோமி பேசுவோர் 2010 கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 2018இல் மாஸ்கோ சட்டத்தைத் திருத்தியது: குடியரசு மொழிகளைப் பள்ளியில் படிப்பது பெற்றோர் விருப்பமாம். விருப்பம் என்ற பெயரில் வரும் கத்தரிக்கோலை நமக்குத் தெரியாதா?

கோமியின் உடன்பிறப்பு உத்மூர்த். அம்மொழிக்காகப் போராடிய அறிஞர் அல்பர்ட் ராசின் அச்சட்டத்தை எதிர்த்து 2019 செப்டம்பரில் இஷெவ்ஸ்கில் தீக்குளித்து மாண்டார். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமியை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்னொரு உயிர் போகக் கூடாது. போக வேண்டியது சட்டம்.

ஐ.நா.வின் பழங்குடி மொழிகள் பத்தாண்டு 2032இல் முடிகிறது. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் 2003 சட்டத்தையும், ரஷ்யன் தெரிந்தவர்கள் 2018 திருத்தத்தையும் வரி விடாமல் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். மற்றவர்கள் ஊர்தோறும் கூட்டம் போடுங்கள், பள்ளி ஆசிரியர்களை அழையுங்கள். பிப்ரவரி 21, தாய்மொழி நாளன்று துண்டறிக்கை கையில் இருக்க வேண்டும். அச்சகத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்!